ஏப்ரல் வேண்டாம், செப்டம்பரில் வாருங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் குட்டி பாதியில் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு ஏப்ரலில் வரலாமா என்று கேட்டிருந்தாய். நாங்கள் இருக்கிற குட்லாண்டில் ஏப்ரல் மாதப் பகல் சராசரி 17 டிகிரி, ஊட்டி மாதிரி இருக்குமே என்று மாப்பிள்ளை சொன்னாராம். சராசரி என்னவோ அதுதான். ஆனால் அந்தப் பதினேழை ஏப்ரலில் நாங்கள் பார்ப்பதே அபூர்வம். ஒரு நாள் இருபத்தேழு அடிக்கும், இரண்டு நாள் கழித்துப் பனி கொட்டும். இரண்டையும் கூட்டி வகுத்தால் ஊட்டி வந்துவிடும்!

நாங்கள் நியூஜெர்சியை விட்டு வந்த பிறகு நீ இந்தப் பக்கம் வரவே இல்லை. அதனால் ஊர் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குட்லாண்ட் இருக்கிற ஷெர்மன் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தின் மேற்கு ஓரம், கொலராடோ எல்லையை ஒட்டி இருக்கிறது. பார்க்க ஒரே சமவெளி, ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 அடி உயரம். தண்ணீரே 96 டிகிரியில் கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்க ஒரு பொறுமை வேண்டும். கடல் எந்தத் திசையிலும் பக்கத்தில் இல்லை. மேற்கிலிருந்து வருகிற காற்று ராக்கி மலைகளில் ஏறும்போதே ஈரத்தை அங்கே இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் இறங்க இறங்கச் சூடாகி, காய்ந்துபோய் வந்து சேரும். மழைக்கான ஈரம் தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்துதான் வரவேண்டும், அது எல்லா வருடமும் இவ்வளவு தூரம் வந்துவிடுவதில்லை. வருடம் முழுக்க சேர்த்து சுமார் 500 மில்லிமீட்டர் மழை. நீ இருக்கிற சிங்கப்பூரில் இதைப் போல நான்கு மடங்குக்கு மேல் பெய்கிறது.

அப்பாவிடம் வருகிற நோயாளிகளில் நிறையப் பேர் விவசாயிகள். உடம்புக்கு என்ன என்று சொல்வதற்கு முன்னால் நேற்று எவ்வளவு மழை என்பதைச் சொல்லிவிடுவார்கள், அதுவும் ஒரு அங்குலத்தை நூறாகப் பிரித்து அதில் எத்தனை பங்கு என்று. நிலத்தடியில் ஒகல்லாலா நீர்ப்படுகை இருக்கிறது, ஆனால் அதை இறைத்து இறைத்து மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. எல்லோர் வயலுக்கும் அந்தத் தண்ணீர் கிடையாது. மானாவாரிக்காரர்கள் வானத்தைத்தான் பார்க்கவேண்டும், நம் தாத்தா பார்த்த மாதிரி.

இப்போது ஏப்ரலுக்கு வருகிறேன். மார்ச், ஏப்ரலில்தான் காற்று மிக மோசம். செப்டம்பரில் விதைத்த கோதுமை அப்போது இன்னும் தரையோடுதான் இருக்கும். சோளமும் சூரியகாந்தியும் விதைக்கவே நாள் இருக்கிறது. போன வருடம் மழையும் பொய்த்திருந்தால், அந்தக் காற்றுக்கு மண் எழுந்து நிற்கும். 2025 மார்ச் 14 அன்று நம் கவுண்டியிலேயே, இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலையில், புழுதிப் புயலில் கண் தெரியாமல் எழுபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. 8 பேர் இறந்துபோனார்கள். டென்வர் விமான நிலையத்திலிருந்து நீங்கள் வரவேண்டிய சாலை அதுதான். 1930களின் பெரும் புழுதிக்காலத்தில், ‘கறுப்பு ஞாயிறு’ என்று இங்கே இன்றும் பேசுகிற நாள்கூட 1935 ஏப்ரல் 14தான்.

புழுதி இல்லாவிட்டால் பனி. டிசம்பர் பனி பெரும்பாலும் லேசாக, காய்ந்த மாவு மாதிரி விழும். வசந்தத்தில் வருவது ஈரப்பனி, கனம் அதிகம். 2017 ஏப்ரல் 29, 30 தேதிகளில், கோதுமை நன்றாக வளர்ந்திருந்த நேரத்தில், மேற்குக் கேன்சஸில் அப்படி ஒரு பனிப்புயல் வந்து பயிரைப் படுக்கவைத்துவிட்டது, ஏராளமான மாடுகளும் செத்தன. பெரிய பனிப்புயல் என்றால் இங்கிருந்து கொலராடோ போகிற நெடுஞ்சாலையை கேட் போட்டு மூடிவிடுவார்கள். அன்றைக்கு ஊரில் உள்ள விடுதியெல்லாம் லாரி ஓட்டுநர்களால் நிரம்பிவிடும். முழங்கால் வலியோடு வருகிற உன் மாமியாரை நடுவழியில் ஒரு மோட்டலில் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

மே, ஜூனில் ஊர் பச்சையாக இருக்கும், உண்மையில் எனக்குப் பிடித்த பச்சை அதுதான். ஆனால் அது ஆலங்கட்டிக் காலம். மத்தியானம் கொலராடோ பக்கம் மேகம் கிளம்பும், சாயங்காலம் இங்கே வந்து சேரும். நாம் இருப்பது உயரத்தில் என்பதால் மேகத்தில் உறைந்த கட்டி கீழே வரும்போது உருகுவதற்கு வெதுவெதுப்பான காற்று போதுமான அளவு கிடைப்பதில்லை, கட்டியாகவே விழுகிறது. கோதுமை அறுவடை ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம். எட்டு, ஒன்பது மாதம் வளர்த்ததைப் பத்து நிமிடத்தில் அடித்துப்போட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த வயலில் ஒரு கதிர்கூட சாய்ந்திருக்காது! எங்கள் காரின் மேல்பகுதியைப் பார்த்தால் உனக்கே புரியும். டொர்னேடோ என்கிற சுழல்காற்றுக்கான எச்சரிக்கைச் சங்கு ஊதினால் அடித்தளத்துக்கு இறங்கவேண்டும், மாடிப்படி செங்குத்து. தேசிய வானிலை சேவைக்கு நம் ஊரிலேயே ஒரு அலுவலகம் இருப்பதால் எச்சரிக்கை நேரத்துக்கு வந்துவிடும், அதில் குறையில்லை.

ஜூலையில் பகல் 32, 33 டிகிரி, சில நாள் நாற்பதைத் தொடும். ஆனால் வேர்வை கசகசக்காது, ராத்திரி பதினாறு, பதினேழுக்கு இறங்கிவிடும். மோர்மிளகாய் போட்டால் சீக்கிரமே காய்ந்துவிடும், காற்று விட்டுவைத்தால். குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, குட்டியோடு அப்போது வரவே வேண்டாம். மூக்கில் ரத்தம் வருகிற அளவுக்கு வறட்சி.

அதனால் செப்டம்பர் கடைசி இரண்டு வாரம். குட்டி இன்னும் பள்ளிக்குப் போகவில்லையே, என்ன தடை? இடிமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், முதல் உறைபனிக்கு வழக்கமாக அக்டோபர் ஆகிவிடும். பகலில் இருபத்தைந்தை ஒட்டி, ராத்திரி எட்டு, ஒன்பது டிகிரி. வானம் நீலமென்றால் அப்படியொரு நீலம். சோள அறுவடை நடக்கும், புதிதாக விதைத்த கோதுமை முளைத்திருக்கும். ஒரே ஒரு குறை, சூரியகாந்தி ஆகஸ்டில் பூப்பது, நீங்கள் வரும்போது கருத்துத் தலை தொங்கியிருக்கும். உன் மாமியார் கேட்டால், ஊருக்குள் எண்பது அடி உயரத் தாங்கியில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தைப் பெரிதாக வரைந்து நிறுத்தியிருக்கிறார்கள், அதன் முன்னால் நிற்கவைத்து போட்டோ எடுத்துவிடலாம்.

டென்வரில் மத்தியானத்துக்கு முன் இறங்குகிற விமானமாகப் பார். மூன்று மணி நேரப் பயணம், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வருவார். கேன்சஸின் பெரும்பாலான ஊர்களைவிட நம் கவுண்டி ஒரு மணி நேரம் பின்னால், டென்வர் நேரம்தான் இங்கேயும், கடிகாரத்தில் குழம்பவேண்டாம். சம்பந்திக்கு காதை மூடுகிற மாதிரி ஒரு தொப்பி, எல்லோருக்கும் முழுக்கை ஸ்வெட்டர், குட்டிக்கு உதட்டில் தடவ ஏதாவது. குடை வேண்டாம், இந்தக் காற்றில் அது நிற்காது. அங்கே தேக்கா சந்தையில் நல்ல கறிவேப்பிலைப் பொடியும் இட்லித் துணியும் வாங்கி வா. டிக்கெட் போடுவதற்கு முன் சம்பந்தியிடம் தேதியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள், பிறகு எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா