கரையில் நடப்பவர்கள் இனி வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணைப் பாதுகாப்பு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், 'ஒளியிழை கேபிளைப் பதித்துவிட்டால் கசிவை அதுவே கண்டுபிடித்துவிடும், கரையில் ஆட்கள் நடக்கத் தேவையில்லை' என்று ஒரு வரி வந்திருந்தது. வேலைக்காலம் முழுக்க மண் அணைக் கரைகளில் நடந்தவன் நான். படித்ததும் மனம் நொந்துபோனது.

அந்தக் கேபிள் அளப்பது வெப்பநிலையை. உள்ளே அனுப்பும் லேசர் ஒளியில் கொஞ்சம் சிதறித் திரும்பி வரும். அந்த ராமன் சிதறலை வைத்து வெப்பநிலையையும், திரும்பிவர ஆன நேரத்தை வைத்து இடத்தையும் கணக்கிடுகிறார்கள். நீர்த்தேக்கத்தின் சூடும் குளிர்ச்சியும் பருவத்துக்குப் பருவம் மாறும். கசிவு ஓடும் இடத்தில் அந்த மாற்றம் கரைக்குள்ளும் வரும். வித்தியாசம் போதாவிட்டால், கேபிளோடு இருக்கும் செம்புக் கம்பியில் மின்சாரம் செலுத்திச் சூடாக்குவார்கள். நீர் ஓடும் இடத்தில் சூடு குறைவாகவே ஏறும். அருமையான முறைதான், மறுக்கவில்லை. மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர் அது இருக்கும் புள்ளியை மட்டும் சொல்லும். இது கேபிளின் நீளம் முழுக்கச் சொல்லும்.

ஆனால் வருகிற நீர் தெளிவா, கலங்கலா என்று யார் பார்ப்பது? எந்த மண் அணையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். மண்ணை அரித்துக்கொண்டு கலங்கி வந்தால்தான் வயிறு கலங்கும். அமெரிக்காவின் டீட்டன் அணையைத் தாங்கள் அறிவீர்கள். 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீரைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அணையில் கருவிகள் வாங்க நிதி வந்தது. அவற்றின் அளவீடுகளை உட்கார்ந்து படிக்க ஆள் போடவில்லை. கசிவு நீரின் அளவைக் காட்டும் V வடிவ வெட்டுள்ள தடுப்பான வி-நாட்ச்சில் நாங்கள் அளந்து எழுதிய பதிவேட்டையும் மேலே யாரும் புரட்டவில்லை. எத்தனை முறை சொல்லியிருப்போம்! தங்கள் இதழிலும் அணை என்றால் மதகு திறந்த படம்தான் வருகிறது. வழக்கமான கசிவுக்கு 'அணைக்கு ஆபத்து' என்று தலைப்பிட்டபோது விளக்கி எழுதினேன்; அந்தக் கடிதம் வெளியாகவில்லை. சரி, அது போகட்டும்.

இப்போது கேட்பது சிறிய விஷயம்தான். கேபிள் வெப்பநிலையைத்தான் அளக்கிறது, அது காட்டும் இடத்துக்கு ஆள் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அணைப் பராமரிப்புப் பணியாளர்