லென்ஸை இன்னிக்கே டார்ச் அடிச்சுப் பாரு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு காலை

மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்பத்தான் பதில். திட்டறதை நேர்ல வந்து மொத்தமா திட்டிக்கோ. வீட்டுல எல்லாரும் சௌக்கியம். நம்ம குண்டு புதுசா பல்லு கட்டிக்கிட்டான், அவன் உனக்குத் தரவேண்டிய எழுபது ரூபா மட்டும் இன்னும் வரல.

நீ கேமராவுல எடுத்து அனுப்பின நாப்பது படத்தையும் ஒண்ணு விடாம பார்த்தேன். கிண்டல் அப்புறம். அதுல ஒரு விஷயம் வயித்தைக் கலக்குது.

வெயிலை முதுகுக்கு வச்சு எடுத்த தெருப் படமெல்லாம் தெளிவா இருக்கு. பாண்டி கடற்கரைச் சாலையில உதயத்தைப் பார்த்து எடுத்தது மட்டும் பால் ஊத்தின மாதிரி இருக்கு. படகுகூடக் கருப்பா இல்ல, சாம்பல். ஃபோகஸ் போச்சுன்னு எழுதியிருக்கே. ஃபோகஸ் தப்பினா பெரும்பாலும் முன்னாலயோ பின்னாலயோ ஒரு இடமாவது கூர்மையா விழுந்திருக்கும். இங்க எல்லாமே கூர்மைதான், மேல ஒரு திரை. கோளாறு லென்ஸ் கண்ணாடியில. முன்கண்ணாடியில உப்புப் படலம்னா பிழைச்சே. உள்ளே பூஞ்சைன்னா விஷயம் வேற.

கடிதத்தைக் கீழ வச்சுட்டு லென்ஸைக் கழட்டு. ரெண்டு மூடியையும் எடு, ரூமை இருட்டாக்கு. மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு முன்பக்கமா பாரு. நேரா அடிச்சா கண்ணுதான் கூசும். கழட்டினதும் உள்ளே வெளிச்சம் போற துவாரம் சுருங்கிக்கிற வகைன்னா பின்னால உள்ள குட்டி லிவரை விரலால தள்ளிப் பிடி. தனித்தனிப் புள்ளின்னா தூசி. படத்துல தெரியாது, விட்டுடு. ஓரத்துலேருந்து சிலந்தி வலை மாதிரி கிளை பிரிஞ்சு போச்சுன்னா பூஞ்சை.

அப்படி இருந்தா ஸ்க்ரூ டிரைவரைத் தொடாத. உங்கப்பா ரேடியோ ஞாபகம் இருக்கில்ல? நல்ல மெக்கானிக்கிட்ட உடனே கொடுத்தா துடைச்சு எடுத்துடுவார். நாள் விட்டா அது கக்கற அமிலம் கண்ணாடி மேல பூசின கோட்டிங்கை அரிச்சிடும். அப்புறம் பூஞ்சை போனாலும் தழும்பு போகாது. ஆனா உன்னுது கேமராவோட வந்த சாதா 18-55 எம்எம் லென்ஸ். கூலியை முதல்லயே கேட்டுக்கோ; சில சமயம் பழைய லென்ஸ் ஒண்ணு வாங்கறதே லாபம்.

வெறும் உப்புன்னா முதல்ல ரப்பர் ஊதியால மணலையும் தூசியையும் தட்டு. வாயால ஊதாத, எச்சில் தெறிக்கும். மைக்ரோஃபைபர் துணியில லென்ஸ் திரவம் ரெண்டு சொட்டு விட்டு, நடுவுலேருந்து ஓரத்துக்கு வட்டமா துடை. காஞ்ச உப்பைக் காஞ்ச துணியால தேய்க்கறது உப்புத்தாள் போடற மாதிரி.

கேமராவைப் பையோட பீரோவுல வச்சுப் பூட்டறேன்னு என்ன பெருமை உனக்கு! பூஞ்சைக்கு நீ கல்யாண மண்டபமே கட்டிக் கொடுத்திருக்கே. இருட்டு, காத்தே கிடையாது, பையோட ஸ்பாஞ்சு வேற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னாலே அதுக்குப் போதும். ஐப்பசி கார்த்திகையில நம்ம கரையில 80-ஐ ஒட்டியே நிக்கும். மூடியில ரப்பர் வளையம் உள்ள 10 லிட்டர் டப்பா, துணிப்பையில 200 கிராம் சிலிக்கா ஜெல், குட்டியா ஒரு ஈரப்பதமானி, இவ்வளவுதான் செலவு. முள் 45-க்கும் 50-க்கும் நடுவுல நிக்கணும். ஜெல் ஆரஞ்சு வகையா வாங்கு, ஈரம் குடிச்சா பச்சையாகும். நீலத்துல கோபால்ட் குளோரைடுங்கற நச்சு இருக்கும், குட்டிப்பய நடமாடற வீட்டுல வேண்டாம். பச்சையானா 120 டிகிரி ஓவன்ல ரெண்டு மணி நேரம் காய வச்சுத் திரும்பப் போடு. அரிசிக்குள்ள புதைச்சு வைன்னு உங்க மாமா சொல்லுவார், கேக்காத. ஈரம் இழுக்குதோ இல்லையோ, மாவுத் தூசி நிச்சயம்.

சரி, கிண்டலுக்கு வரேன். பிரெஞ்சுத் தெரு வெள்ளைச் சுவரையெல்லாம் ஏண்டா அழுக்கு வேட்டியாக்கி வச்சிருக்கே? கேமராவுல வெளிச்சத்தை அளக்கற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல்னுதான் கணக்குப் போடும். படம் முழுக்க வெள்ளைன்னா பயந்து வெளிச்சத்தைக் குறைச்சிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வை. தார் பூசின படகு, கருங்கல் சிலைன்னா -1. முடிஞ்சதும் 0-க்குத் திருப்பு. எங்கயோ கூட்டி வச்சுட்டுத் திருப்பாம விட்டதாலதான் உன் கடைசிப் பதினோரு படமும் வெளுத்துக் கிடக்கு. மஞ்சள் சுவர் மங்கினதுக்குக் காரணம் நிறத்தைத் தானா சரி பண்ற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். எங்க பார்த்தாலும் மஞ்சளா இருக்கவும் தப்புன்னு நினைச்சு நீலத்தைக் கலந்துடுது. சூரியன் படம் போட்ட அமைப்புக்கு மாத்து. வெளிச்ச அளவைக் காட்டற ஹிஸ்டோகிராம் வரைபடத்துல சிவப்பைத் தனியா பாரு; காலை வெயில் பட்ட மஞ்சள்ல அந்த வரைபடத்தோட வலது ஓரத்துல முதல்ல முட்டி விவரம் போறது அதுதான்.

மாசி மகத்துக்கு இங்க தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரேன்னு சொன்னியே, வா. காலையில சூரியன் கடல் பக்கம். எல்லாரும் மணல்ல நின்னு கடலைப் பார்த்து எடுத்து, சாமியையும் கூட்டத்தையும் நிழலாக்கிடுவாங்க. நீ தண்ணி ஓரத்துக்குப் போய் ஊரைப் பார்த்துத் திரும்பு. முகத்துல வெளிச்சம் விழும், உப்புச் சாரலும் முன்கண்ணாடியில படாது. ஆனா கணுக்கால் தண்ணிக்கு மேல போகாத, முதுகுக்குப் பின்னால வர அலை சொல்லிட்டு வராது. ஷட்டர் வேகம் நடக்கற கூட்டத்துக்கு 1/250 செகண்டு, தண்ணி தெறிக்கறதுக்கு 1/1000. கரையில லென்ஸ் மாத்தற வேலை வேண்டாம்.

ஏசி பஸ்ல வந்தா இறங்கினதும் பையைத் திறந்துடாத. குளிர்ந்த கண்ணாடியில வெளிக்காத்து பட்டா வேர்த்துடும், உள்ளயும் சேர்த்து. அரை மணி நேரம் ஜிப் மூடியே இருக்கட்டும், அதுக்குள்ள ஒரு டீ குடிச்சுடலாம்.

டார்ச்சுல என்ன தெரிஞ்சுதுன்னு ராத்திரியே போன் பண்ணு. வலை இருந்தா அந்த லென்ஸை இங்க கொண்டு வராத, என்னோட 50 எம்எம் லென்ஸைத் தரேன். வரும்போது ஆரஞ்சு ஜெல் அரை கிலோ வாங்கிட்டு வா. காசை குண்டுகிட்ட வாங்கிக்கோ.

உன்,
ஒத்தக்கண்ணன்