கன்னியாவில் ஏழும் ஒரே சூடு

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு வீடியோவில "கால் எப்பிடி அம்மா?" எண்டு கேட்டாய். "பரவாயில்லை" எண்டு சொல்லிப்போட்டு போனை அப்பாவின்ர பக்கம் திருப்பிவிட்டன். அது பொய். உன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது, அதுதான் எழுதுறன்.

கீமோ முடிஞ்சு எட்டு மாசம். பன்னிரண்டு கிழமை ஏத்தின பக்லிற்றக்செல்தான் நரம்பைத் தாக்கியிருக்காம். நீளமான நரம்புகளின்ர நுனிக்குத்தான் முதல் அடி, அதால கால்விரலும் கைவிரலும். பகலில காலில சாக்குச் சுத்தின மாதிரி விறைப்பு. இரவில போர்வை பட்டாலே எரியுது. மூட்டு உளைவு வேற சங்கதி. அது புற்றுநோய் திரும்பி வராமல் இருக்க இப்ப நாளுக்கு ஒண்டு போடுற லெற்றோசோல் குளிசையால. விடிய எழும்பேக்குள்ள விரல் மடங்காது. இடியப்பம் அப்பாதான் பிழியிறார். (கயிறு மாதிரி வருது. அவரிட்டச் சொல்லிப்போடாதை.)

போன மாசம் மாமி ஆக்கள் வந்து நிண்டபடியால் கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போனனாங்கள். சின்னனில உன்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஏழு கிணத்துத் தண்ணியையும் ஊத்தி, எது கூடச் சூடு எண்டு கேக்கிறனான், ஞாபகமா? இந்தமுறை நான் வாளிக்குள்ள கையை வச்சுப் பாத்தன். ஏழும் ஒண்டுதான். தோளில ஊத்தினாப் பிறகுதான் ஒண்டு சுட்டுது, ஒண்டு இதமாய் இருந்தது. ஒரு பக்கமாய் நிண்டு அழுதன். இராவணன் செத்த தாய்க்குக் கடன் கழிச்சதாய்ச் சொல்லுற இடமெல்லோ, அம்மம்மாவை நினைச்சு அழுறன் எண்டு அப்பா நினைச்சிட்டார். நானும் ஓம் எண்டிட்டன்.

அண்டையிலயிருந்து குளிக்கிற சுடுதண்ணியை முழங்கையாலதான் பாக்கிறன். வீட்டுக்குள்ளயும் செருப்பு. கோணேசர் கோயிலுக்கு விடியக் காலமைதான் போறது. மத்தியான வெயிலில வெறுங்காலோட அந்தக் கல்லில நடந்து கொப்புளம் வந்தாலும் எனக்குத் தெரியாது. படுக்க முதல் அப்பா டோர்ச் அடிச்சு உள்ளங்காலைப் பாப்பார். நாப்பது வருசத்தில என்ர காலை அவர் இப்பிடிப் பாத்ததில்லை.

டொக்டர் டுலொக்செற்றின் தந்திருக்கிறார். மனச்சோர்வுக்குக் குடுக்கிற குளிசையாம் எண்டு ஆரோ சொல்ல, அப்பா பயந்து ஒரு கிழமை ஒளிச்சு வச்சிட்டார். கீமோவால வந்த நரம்பு நோவுக்கும் அதைத்தான் குடுக்கிறவை. இப்ப எரிவு குறைவு. விறைப்பு அப்பிடியேதான் இருக்கு. குறையலாம், மாறாமலும் இருக்கலாம் எண்டு அவர் ஒளிக்காமல் சொன்னார். அது எனக்குப் பிடிச்சுது.

நீ அனுப்பின சத்துக் குளிசைப் போத்தலைத் திறக்கேல்லை, கோவிக்காதை. டொக்டரிட்டக் காட்டினன். அதில அசிற்றைல் எல் கார்னிற்றின் இருக்காம்; என்னை மாதிரி இந்தக் கீமோ மருந்து ஏத்தின பொம்பிளையளுக்கு அதைக் குடுத்துப் பாத்தபோது நரம்பு நோவு கூடினதாம். காசு குடுத்து வாங்கினது எண்டு மனம் கேக்கேல்லை, அலுமாரியிலதான் இருக்கு.

மூட்டுக்கு நடைதான் கேக்குது. பின்னேரம் டச்பே கடற்கரையில அரை மணித்தியாலம் நடக்கிறம். முதல் பத்து நிமிசம் மரக்கட்டை, பிறகு முழங்கால் இளகிவரும். மணலில கால் எங்க வைக்கிறன் எண்டு தெரியாதபடியால் குனிஞ்சு பாத்துப் பாத்துத்தான் நடை. என்னவோ துலைச்சிட்டன் எண்டு நினைச்சு ஒரு பெடியன் வந்து தேடித் தரட்டோ எண்டு கேட்டான்.

இனி ஏதும் அனுப்புறதெண்டால் குளிசை வேண்டாம். முன்பக்கம் அகலமான, அடி மெத்தெண்ட சப்பாத்து ஒரு சோடி, ஆறாம் நம்பர். வெள்ளை வேண்டாம், இஞ்ச ஒரு நாளும் நிக்காது.

அன்புடன்,
அம்மா