குடியேற்றச் சட்டத்தோடு ஓர் ஆயுள்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. நான் இந்த மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன். இங்கே சட்டக் கல்லூரியில் நான் நடத்திவந்த குடியேற்ற வழக்கு உதவி மையத்தை என் பழைய மாணவி ஒருத்தி ஏற்றுக்கொள்கிறாள். கெட்டிக்காரி.

"பெரும்பாலும் தோற்கிற துறையில் ஆயுளைக் கழித்தாயே, சலிக்கவில்லையா?" என்று கேட்டிருந்தாய். சலிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அமெரிக்காவில் திருட்டுக் குற்றத்துக்குச் சிறை செல்லவிருக்கும் ஏழைக்கு அரசே வழக்கறிஞரைத் தருகிறது. நாடு கடத்தலோ குற்ற வழக்கல்ல, சிவில் வழக்காம்! வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு செலவில் அல்ல என்று சட்டமே சொல்கிறது. மொழி தெரியாத பிள்ளைகள்கூடத் தனியாக நீதிபதி முன் நிற்பதுண்டு. எதிரே அரசுத் தரப்பு வழக்கறிஞர் எப்போதும் இருப்பார். அந்த நீதிபதியும் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை செய்கிறவர்தான்.

முதல் வகுப்பில் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்தே நடத்துவேன். 1886இல் வந்தது சான் பிரான்சிஸ்கோ சலவைக் கடைக்காரர்களின் வழக்கு. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த உரிமம் கேட்ட சீனர்கள் சுமார் 200 பேருக்கும் மறுப்பு. சீனர் அல்லாதவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அனுமதி. சட்டத்தின் சமப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் இருக்கும் எல்லா மனிதருக்கும் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1889இல், அதே நீதிமன்றத்தின் முன் இன்னொரு சீனத் தொழிலாளி. பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர். திரும்பி வரலாம் என்ற சான்றிதழை முறைப்படி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர். அவர் கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தச் சான்றிதழ்களைச் செல்லாதவை ஆக்கிவிட்டது. கரையிறங்க விடவில்லை. யாரை உள்ளே விடுவது என்பது அரசின் விருப்பம் என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கைகழுவினார்கள். உள்ளே இருப்பவனுக்கு உரிமை உண்டு, வாசலில் நிற்பவனுக்கு இல்லை என்ற இந்தப் பிளவு இன்னும் மூடவில்லை.

2020இல் ஓர் ஈழத் தமிழர் வழக்கில் அது மீண்டும் வந்தது. வேனில் வந்தவர்கள் கடத்திச் சென்று அடித்ததாகச் சொல்லித் தஞ்சம் கேட்டவர் அவர். எல்லையைத் தாண்டி 25 கெஜ தூரத்தில் பிடிபட்டார். அவ்வளவு அருகில் பிடிபட்டவர் வாசலில் நிற்பவருக்குச் சமம் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். இன்னும் இருவர் முடிவை மட்டும் ஏற்றார்கள். சோட்டோமேயர், கேகன் என்ற இரு நீதிபதிகள் மட்டும் மறுத்தார்கள். அந்த மறுப்புத் தீர்ப்பை நான் நடத்திய ஒவ்வொரு முறையும் வகுப்பில் நெடுநேரம் விவாதம் ஓயாது.

வெற்றிகளும் உண்டு. ஆவணமில்லாத பிள்ளைகளுக்கும் டெக்சஸ் மாநிலப் பள்ளிகள் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்ற 1982 தீர்ப்பு ஐந்துக்கு நான்கில் கிடைத்தது. ஒரே ஒரு வாக்கு! அதனால் படித்து முன்னேறியவர்கள் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் நான் மாணவர்களிடம் அதிகம் வற்புறுத்தியது தீர்ப்புகளை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து கேள் என்பதைத்தான். 2005இல் வந்த சட்டம் ஒன்றின்படி, வாக்குமூலத்தில் எந்தச் சிறு முரண்பாடு இருந்தாலும், அது வழக்கின் மையத்தைத் தொடாவிட்டாலும், நீதிபதி அதை வைத்தே ஒருவரை நம்பாமல் விடலாம். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், கணவரைப் பிடித்துச் சென்ற தேதியை எல்லை அதிகாரியிடம் ஒரு மாதம் மாற்றிச் சொல்லிவிட்டார். எங்கள் மேசையில் நீளமான காகிதத்தை விரித்து, நடந்தவற்றை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தான் மாணவன். தேதி கேட்டால் அவருக்குக் கை நடுங்கியது. "சரி, அன்று வீட்டில் என்ன விசேஷம்?" என்று கேட்டான். தம்பி மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு (பிறப்புத் தீட்டுக் கழிக்கும் சடங்கு), அது முடிந்த மறுநாள் என்றார் தயங்காமல். குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வரவழைத்து நாளை எண்ணிப் பார்த்தோம். சரியான தேதி கிடைத்தது, முரண்பாட்டுக்கும் விளக்கம் கிடைத்தது. தஞ்சமும் கிடைத்தது. வழக்கறிஞர் இல்லாமல் நின்றிருந்தால் அவரைப் பொய்க்காரி என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார்கள், கோமதி. அப்படி அனுப்பப்பட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமைக்காக நீ தாக்கல் செய்திருக்கும் மனுவை இரண்டு முறை படித்தேன். வாதம் வலுவாக இருக்கிறது. பிறந்த தேதிகளின் அட்டவணையை மட்டும் மனுவின் முன்பக்கத்துக்குக் கொண்டுவா. நீதிபதியின் கண் முதலில் அங்கே விழட்டும். விசாரணைத் தேதி தெரிந்தவுடன் எழுது. இனி எனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை இல்லை. வந்து உன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க ஆசைப்படுகிறேன். அண்ணாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
வசந்தா