பதம் போன நுனியைத் தீட்டிச் சரிசெய்ய முடியாது: வேட்டை அம்பு முனைகள் குறித்துப் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 200 கிரெய்ன் (சுமார் 13 கிராம்) ஒருபக்கச் சரிவு பிராட்ஹெட் (ஒவ்வோர் அலகையும் ஒரு முகத்தில் மட்டும் சாய்த்துத் தீட்டிய வேட்டை அம்பு முனை), ஆறு முனைப் பெட்டி: நுனியில் பதம் கெட்டிருப்பது, தவறான சாணைக் குறிப்பு – மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தப் பெட்டியைப் பற்றி முன்பு எழுதியதற்கு, “முனை மழுங்கலாக இருந்தால் உள்ளே இருக்கும் குறிப்பின்படி தீட்டிக்கொள்ளவும்” என்று பதில் அனுப்பினீர்கள். நான் சொன்ன குறை மழுங்கல் அல்ல. தொழிற்சாலையில் நுனியைச் சாணை பிடிக்கும்போதே எஃகு சூடேறிப் பதம், அதாவது அதன் கடினம், போயிருக்கிறது.

ஆறில் நான்கு முனைகளின் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டருக்கு நீலம் பாய்ந்து, கடைசியில் சாம்பல் நிறமாகியிருக்கிறது. மேலே மெருகு போட்டிருக்கிறீர்கள். ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாணைச் சக்கரம் கீறிய கோடுகளின் அடியில் அந்த நிறம் அப்படியே தெரிகிறது. கரிம எஃகில் நீலம் ஏறவே ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்; சாம்பல் நிறம் அதற்கும் மேல். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 58 ராக்வெல் (எஃகின் கடினத்தை அளக்கும் அளவை) கடினம் அந்தச் சூட்டில் தங்காது. அரத்தை வைத்துப் பார்த்தாலே விளங்கும்: அலகின் நடுவில் வழுக்கிக்கொண்டு போகிறது, நுனிக்கு வந்ததும் கடித்துச் சீவுகிறது.

இப்படி இளகிய நுனி விலா எலும்பில் பட்டால் மடங்கும். மடங்கிய முனை ஆழமாக இறங்காது. விலங்கு காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து வதைபட்டுச் சாகும். நான் விடாமல் எழுதுவதற்கு இதுதான் காரணம்.

வாங்கியவரே சரிசெய்யலாமே என்றால், கெட்ட எஃகு முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். நுனி 3 மில்லிமீட்டர் குறைந்தால் அதற்கேற்ப இரண்டு விளிம்புகளையும் பின்வரை உள்ளே தள்ளி வடிவமைக்க வேண்டும். அதில் பல கிரெய்ன் எடை போய்விடும். பெட்டியில் உள்ளவை ஏற்கெனவே 196 முதல் 204 கிரெய்ன் வரை ஏறி இறங்குகின்றன. இன்னும் குறைந்தால் ஆறு அம்புகளும் ஒரே இடத்தில் போய்த் தைக்காது.

சரிவிலும் கோளாறு உண்டு. 25 டிகிரி என்று போட்டிருக்கிறீர்கள். சரிவு முழுக்க மார்க்கர் மையைப் பூசி, கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ள நீங்கள் விற்கும் ஜிக்கிலேயே பூட்டிக் கல்லில் இழுத்தால், பின்பகுதியில் மட்டும் மை அழிகிறது. முன்பகுதியில் விளிம்பை ஒட்டிய மை அப்படியே இருக்கிறது. அங்கே கோணம் செங்குத்தாகிவிட்டது என்று அர்த்தம். போதாக்குறைக்குப் பின்முகம் தட்டையாக இல்லை, நடுவில் புடைத்திருக்கிறது. ஒருபக்கச் சரிவில் பின்முகம் கல்லில் முழுசாகப் படிந்தால்தான், தீட்டும்போது விளிம்பில் எழும் பிசிறை எடுக்க முடியும். இதில் பிசிறு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்கிறதே தவிர உதிர்வதில்லை.

குறிப்புத்தாளை உடனே திரும்பப் பெறுங்கள். அதில் இரண்டு அலகுகளின் சரிவும் ஒரே முகத்தில் இருப்பதாகப் படம் போட்டிருக்கிறது. அவை எதிரெதிர் முகங்களில் இருந்தால்தான் முனை உள்ளே இறங்கும்போது சுழலும். அந்தச் சுழற்சி, அம்பின் வால் இறகு அம்பைச் சுழற்றும் திசையோடும் ஒத்துப்போக வேண்டும். அதைவிட மோசம், நுனியைத் திருத்த “உலர்ந்த பெல்ட் கிரைண்டரில் அழுத்தவும்” என்று சொல்லியிருப்பது. உங்கள் ஆலையில் பதத்தைக் கெடுத்ததும் இதே போன்ற சூடுதான். ஊசி நுனியை 1 அல்லது 2 மில்லிமீட்டர் டான்டோ வெட்டாக (கூர் நுனியைச் சற்று மொட்டையாகச் சரித்து) குறைப்பதற்கு 400 கிரிட் (சொரசொரப்பு அளவு) கல்லும் தண்ணீரும் போதும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இழுத்து, அம்பில் திருகி உருளைகளில் சுழற்றி, நுனி வட்டமடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே, வேறு தொகுதியில் தயாரான ஆறு முனைகளை, அரம் வைத்துச் சோதித்த பிறகு அனுப்புங்கள். அது முடியாவிட்டால் அஞ்சல் செலவோடு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இதே தொகுதி எண் உள்ள பெட்டிகளை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். அவர்களில் பலர் இந்நேரம் அந்தத் தாளைப் பார்த்து கிரைண்டரில் வைத்துக்கொண்டிருப்பார்கள். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும்.

இணைப்பு: நீலம் பாய்ந்த முனை ஒன்று, மை தடவிய அலகின் படங்கள், எடைக் குறிப்பு, ரசீது நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்