அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

ஆசிரியருக்கு,

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை என்றாலே அறுவை நடக்கும் நாளைத்தான் பேசுகிறோம். அதற்கு முந்தைய வாரங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை.

நாளுக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள், மாவுச்சத்து குறைந்த உணவைப் பல மருத்துவர்கள் 2 வாரம் சாப்பிடச் சொல்வது முக்கியமாகக் கல்லீரலுக்காக. கொழுப்பேறிப் பருத்த கல்லீரலின் இடது மடல் இரைப்பையை மூடிக்கொண்டு நிற்கும். அது சுருங்காவிட்டால் வயிற்றில் சிறு துளைகள் வழியே நுழைக்கும் லேப்ராஸ்கோப்பிக் கருவிகளுக்கு இடம் கிடைக்காது. சில நேரம் அறுவையையே நிறுத்த நேரிடும். ‘கடைசியாக ஒருமுறை’ என்று அந்த வாரத்தில் விருந்து சாப்பிடுவது இதனால்தான் ஆபத்து. இன்சுலின் போடுபவர்கள் இந்த உணவைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றிக் கேட்க வேண்டும். பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். புகைப்பதைக் குறைந்தது 6 வாரம் முன்பே விட்டுவிடுங்கள். தையல் ஆறுவதை அது தடுக்கும்.

அறுவைக்கு முன் சந்திக்கும் மனநல ஆலோசகரிடம் எதையும் மறைக்காதீர்கள், குறிப்பாக மதுவை. இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவைக்குப் பின் அது ரத்தத்தில் மிக வேகமாக ஏறும். பசியில்லாமல் சாப்பிட்ட நேரங்களையும் அப்போதிருந்த மனநிலையையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கவலையில் கை உணவைத் தேடும் பழக்கம் அறுவையால் போகாது. நன்றாக மெல்வதையும், சாப்பிட்டபின் 30 நிமிடம் தண்ணீர் குடிக்காதிருப்பதையும் இப்போதே பழகுங்கள்.