குடிக்காமல் திரும்பிய மான்

டூசான், அரிசோனா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் மேசையில் கிடக்கின்றன. பதில் போடாதது என் தவறு. அம்மாவின் முழங்கால் தேவலையா? தோப்பை விற்க அவசரப்படாதே; அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் மான் வேட்டைக்குப் போனேன். உரிமம் வாங்கியபோதே நீ இரண்டு பக்கம் உபதேசம் எழுதினாய். கறிக்கடையில் நெஞ்செலும்புக்குச் சண்டை போடுகிறவனுக்கு அந்த உபதேசம் பொருந்தவே இல்லை!

இங்குள்ளது மியூல் மான். கோவேறு கழுதையின் காது, வால் நுனியில் கறுப்பு. பாலைவனத்தில் அதைத் தேடி அலைந்தால் கால்தான் தேயும். அதனால் வில்வேட்டைக்காரர்கள் தண்ணீரருகே மறைவு கட்டிக் காத்திருப்பார்கள். ஜூலையில் பருவமழை பிடித்துவிட்டால் பாறைக்குழிகளில் எல்லாம் நீர் நிற்கும், மான்கள் சிதறிவிடும். இந்த வருஷம் எங்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. நான் போன இடத்தில் மாட்டுக்காக வெட்டிய குட்டை ஒன்றுதான் மிச்சம். நம் ஊருணியில் கால்வாசி இருக்கும். கரைச்சேறு முழுக்கக் குளம்புத் தடம்.

வெயில் தாழ்ந்ததும் காற்று சரிவிலிருந்து கீழே இறங்கும். அதைக் கணக்கிட்டுக் குட்டைக்குக் கீழ்ப்புறம் மறைவு கட்டினேன். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் அந்தியில் ஒரு பிணைமான் வந்தது, பின்னால் புள்ளி மாறாத குட்டி. என் உரிமம் ஆண் மானுக்குத்தான். வில்லைத் தொடவில்லை, மூச்சுகூட விடவில்லை. தண்ணீருக்கு நாலடி இருக்கும்போது காற்று சுழன்றது. பிணை தலையைத் தூக்கியது, முன்காலால் தரையைத் தட்டியது, நாலு காலும் ஒன்றாக எழும்பி விழத் துள்ளிப் போய்விட்டது. குட்டி மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு ஓடியது.

பால் கொடுக்கிற உயிர். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

வனவிலங்கு நீர் குடிக்க வருவதைத் தடுக்கும்படி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. முன்பு வேட்டைக்காரர்கள் குட்டைக்குக் குட்டை கேமரா கட்டி மானை வேவு பார்த்தார்கள். வேட்டைக்குக் கேமரா வைப்பதையும் 2022 முதல் தடுத்துவிட்டார்கள். வறட்சியில் அரசுத் துறையே லாரியில் தண்ணீர் கொண்டுபோய்க் காட்டுத் தொட்டிகளில் ஊற்றுகிறது. இவ்வளவும் செய்த பிறகு, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஒருவன் கரையில் குந்தியிருந்தால்? சட்டப்படி நான் செய்தது குற்றமில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் வாசனை பிடித்துத் தூரத்திலேயே திரும்பியவை எத்தனையோ!

மறுநாள் மறைவைப் பிரித்துவிட்டேன். அரை மைல் தள்ளி, மான்தடம் ஏறுகிற மேட்டில் உட்கார்ந்தேன். பருவம் முடிந்தது, மான் கிடைக்கவில்லை. டிசம்பர் நடுவில் வில்வேட்டை மறுபடி தொடங்கும். இணைசேரும் காலம், பிணைகளைத் தேடி ஆண் மான்கள் தாமாகவே வெளியே வரும். தண்ணீர்ப் பக்கம் போகவே மாட்டேன்.

உன் தாத்தா ஊருணியில் கொக்கு சுட வந்தவர்களைக் கம்போடு விரட்டினாரே, அன்று அவர் என்ன சொன்னார்? எவ்வளவு யோசித்தும் அந்த வார்த்தை நினைவுக்கு வரவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் உடனே எழுது.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி